பெத்தவ எங்கே போனா?

(ஸ்ரீரங்கத்தில் நடைபெற்ற நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது. பேசிய நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



கடன் வசூல் கணக்கெல்லாம் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் பசி நேரம். இருந்தாலும் போன மாதக் கூட்டத்தில் நடந்த ஒரு பேச்சைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். தீர்மான நோட்டில் ஏறாத பேச்சு அது. ஆனால் பேசினவர்களில் நானும் ஒருத்தி.

திருப்பதிப் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஸ்ரீரங்கத்துக்கும் திருமலைக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆணிவார ஆஸ்தானத்துக்கு இங்கேயிருந்து பட்டு வஸ்திரம் அங்கே போகிறது. பெருமாள் போகிறார், நாமும் ஒரு தடவை அலிபிரியிலிருந்து நடந்தே ஏறலாம் என்று நாலு குழுக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். அப்போது ஒரு அக்கா கேட்டார், "குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டுப் போலாமா? அங்கதானே ஒரு பொண்ணைச் சிறுத்தை தூக்கிட்டுப் போச்சு?" உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பெத்தவ எங்கே போனா? செல்போனைப் பாத்துக்கிட்டு வந்திருப்பா." எல்லோரும் ஆமாம் போட்டோம். "அம்மான்னா கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்க வேணாமா?" என்று நானும் ஒரு வாய் சேர்த்துச் சொன்னேன். பிறகு பேச்சு பஸ் வாடகைக்குப் போய்விட்டது.

அந்தப் பொண்ணுக்கு நடந்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. நெல்லூர் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அலிபிரிப் படி வழியாக ஏறிக்கொண்டிருந்தது. இருட்டின பிறகு, ஆறு வயதுப் பெண் குழந்தை கூட்டத்தோடு சற்று முன்னால் ஓடியிருக்கிறாள். காணவில்லை. இரவெல்லாம் தேடியிருக்கிறார்கள். மறுநாள் காலை லட்சுமி நரசிம்மர் கோயில் பக்கத்தில் உடல் கிடைத்தது. சிறுத்தை.

குழந்தையை அடக்கம் செய்து முடிப்பதற்குள்ளேயே வழக்கு ஆரம்பித்துவிட்டது. கோர்ட்டில் இல்லை, ஊர் வாயில். தேவஸ்தானம் பாதுகாப்புக் கொடுக்கவில்லை என்று ஒரு கட்சி. வனத்துறை தூங்குகிறது என்று இன்னொரு கட்சி. மிருகத்தின் இடத்தில் போய் நாம் நடந்தால் அது என்ன செய்யும் என்று சிலர். இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்த ஊர்ப் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே பெற்றவர்கள் மேல் தனக்குச் சந்தேகம் இருக்கிறது, போலீஸ் விசாரிக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். பெற்ற பிள்ளையைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து!

இதில் நான் போன மாதம் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அதே படிப்பாதையில், அதற்கு ஐம்பது நாள் முன்னால், ஜூன் 22ஆம் தேதி இரவு, ஒரு சின்னப் பையனையும் சிறுத்தை கவ்விக்கொண்டு ஓடியது. வீட்டுப் பெரியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். எல்லோரும் சத்தம் போட்டுத் துரத்தினதில் காட்டுக்குள் போட்டுவிட்டு ஓடிவிட்டது. பையன் பிழைத்துக்கொண்டான். சில நாளில் ஒரு சிறுத்தை கூண்டில் சிக்கியது, அதைக் கொண்டுபோய் வேறு காட்டில் விட்டார்கள். அப்படியென்றால் அந்தப் பாதையில் குழந்தையைத் தூக்கும் சிறுத்தை உண்டு என்பது ஆகஸ்ட் மாதத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். நெல்லூரிலிருந்து வந்த அந்த அம்மாவுக்குத் தெரியுமா? தெரிந்தவர்கள் அந்த ஐம்பது நாளில் செய்தது போதுமா? இந்தக் கேள்வி பெரிய இடத்தில் போய் நிற்க வேண்டிய கேள்வி. "பெத்தவ எங்கே போனா" என்று நாம் சொன்னவுடனே அது அப்படியே அமுங்கிப் போகிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் கட்டுப்பாடுகள் வந்தன. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மதியம் 2 மணிக்கு மேல் படியேற விடுவதில்லை என்றார்கள். இரவில் மலைப்பாதையில் டூவீலர் கூடாது என்றார்கள். கூட்டங்கூட்டமாகக் காவலர் துணையோடு அனுப்பினார்கள். கைக்கு ஒரு தடியும் கொடுத்தார்கள், அதை எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ தடியைக் கேலி செய்யத் தோன்றவில்லை, வயக்காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கம்பு கையில் இருந்தால் எவ்வளவு தைரியம் என்று தெரியும். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வழியில் மிருகங்களுக்குத் தீனி போடாதீர்கள், கடைக்காரர்கள் மிச்சம் மீதியை ஓரத்தில் கொட்டாதீர்கள் என்று சொன்னார்களே, அது. சோற்றுப் பருக்கைக்கு நாயும் பன்றியும் வரும். நாயையும் பன்றியையும் தேடிச் சிறுத்தை வரும். சிறுத்தை குழந்தையைத் தேடி மலையிறங்கி வருவதில்லை. குனிந்து கிடக்கிற, குத்தவைத்து உட்கார்ந்திருக்கிற, சின்ன உருவத்தை அது தன் இரை என்று நினைத்துவிடுகிறது. நிமிர்ந்து நடக்கிற பெரிய ஆளைக் கண்டால் பெரும்பாலும் அதுவே ஒதுங்கிப் போகும்.

இனி நம்ம தமிழ்நாட்டுக்கு வருகிறேன். நீலகிரி மாவட்டம் பந்தலூர். 2024 ஜனவரி 6. ஜார்கண்டிலிருந்து பிழைக்க வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மூன்று வயது மகள். பால்வாடியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு அம்மா நடந்து வருகிறாள். தேயிலைச் செடிக்குள்ளிருந்து வந்த சிறுத்தை குழந்தையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அம்மா கத்தினாள், ஆட்கள் ஓடினார்கள், குழந்தையைப் புதரிலிருந்து மீட்டார்கள், உயிர் தங்கவில்லை. "பெத்தவ எங்கே போனா?" பெற்றவள் கூடவேதான் இருந்தாள், அம்மா! கூடவே இருந்தும் முடியவில்லை. இப்போது நாம் என்ன சொல்வோம்?

பந்தலூர் சனங்கள் நல்லவேளையாக அந்த அம்மாவைப் பிடித்துக்கொள்ளவில்லை. ரோட்டை மறித்தார்கள், கடையை அடைத்தார்கள். அதே சிறுத்தை அதற்கு முன்பே வேறு ஆட்களையும் தாக்கியிருந்தது, அதைப் பிடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தோம் என்றார்கள். மறுநாளே மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். ஒரே நாளில் முடிகிற காரியமாக இருந்திருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "எல்லாச் சிறுத்தையையும் பிடிச்சுக் கூண்டுல போடு" என்பதும் தீர்வில்லை. மகாராஷ்டிராவில் ஜுன்னர் என்ற கரும்பு விளைகிற ஊர். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்கே கண்ணில் பட்ட சிறுத்தைகளையெல்லாம் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். மனிதர்களைத் தாக்குவது குறையவில்லை, கூடிவிட்டது என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். இடம் தெரியாத மிருகம் மிரண்டுபோய் அலையும், காலியான இடத்துக்கு இன்னொன்று வந்து உட்காரும். ஆளைத் தாக்கிப் பழகியதைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆத்திரத்துக்குக் கண்டதையெல்லாம் பிடிப்பது வேறு.

அடுத்தது வால்பாறை. போன வருஷம் கூட்டமைப்புச் சுற்றுலாவில் போனவர்கள் சுற்றிலும் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கிறது என்று சொன்னீர்கள். அங்கே பச்சமலை என்று ஒரு எஸ்டேட், நம்ம துறையூர்ப் பச்சைமலை இல்லை. 2025 ஜூன் மாதம் அங்கேயும் ஒரு ஜார்கண்ட் குடும்பத்துப் பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கியது. 2024 அக்டோபரில் வால்பாறைப் பக்கமே இன்னொரு குழந்தை. 2025 ஆகஸ்டில் அசாம் குடும்பத்து எட்டு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். முதலில் சிறுத்தை என்றார்கள், பிறகு வனத்துறை கரடி என்றது. கொன்ற மிருகம் எது என்பதிலேயே முதல் நாள் தவறு வருகிறது. ஆனால் அம்மா மேல் தப்பு என்று சொல்ல மட்டும் நமக்கு ஒரு நிமிஷம் போதும்.

பந்தலூர், வால்பாறை எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் குடும்பங்கள் வருகின்றன, கவனித்தீர்களா? வடக்கிலிருந்து வந்து கொழுந்து பறிக்கிற குடும்பங்கள். நம்ம பிள்ளைகள் படித்து, அந்த வேலையை விட்டு இறங்கி வந்துவிட்டார்கள். அந்த லயன் வீடுகளில் இப்போது இவர்கள் இருக்கிறார்கள். வாசலை ஒட்டியே தேயிலைச் செடி. பல இடங்களில் கழிப்பறை வீட்டுக்கு வெளியே தள்ளி இருக்கிறது, குழாய் பொதுவில் இருக்கிறது, விளக்கு எரிந்தால் எரியும். சிறுத்தை நடமாடுகிற அந்திப் பொழுதில்தான் அம்மா வேலை முடிந்து வந்து தண்ணீர் பிடிக்கணும், விறகு பார்க்கணும், அடுப்புப் பற்ற வைக்கணும். பாட்டி கிடையாது, அத்தை கிடையாது, ஆயிரம் மைல் தள்ளி ஊரில் இருக்கிறார்கள். பிள்ளை வாசலில் விளையாடும். வேறு எங்கே விளையாடும்?

1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே, ஐம்பது பெண்கள் வேலை பார்த்த தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், வீடு, குடிநீர், கழிப்பறை கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சட்டம் போட்டவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது: அம்மா கொழுந்து பறிக்கும்போது அவள் கண் குழந்தை மேல் இருக்க முடியாது, இன்னொரு கண் வேண்டும் என்று. அந்த இன்னொரு கண் எங்கே போனது என்று கேட்பதை விட்டுவிட்டு, அம்மாவின் கண் எங்கே போனது என்று கேட்கிறோம்.

ஒரு வெளிநாட்டுக் கதை சொல்லட்டுமா? கதை இல்லை, நடந்தது. ஆஸ்திரேலியா நாட்டில் உலுரு என்று ஒரு பெரிய செந்நிறப் பாறை, சுற்றுலா இடம். 1980 ஆகஸ்ட் 17 இரவு, லிண்டி சேம்பர்லேன் என்ற அம்மா, கணவர், பிள்ளைகளோடு அங்கே கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார். ஒன்பது வாரக் கைக்குழந்தை கூடாரத்துக்குள் தூங்கியது. டிங்கோ என்கிற அந்த ஊர்க் காட்டு நாய் குழந்தையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அந்த அம்மா அப்போதே கத்திச் சொன்னார். அந்த மண்ணின் பழங்குடி மக்கள் தடம் பார்த்து, நாய்தான் என்றார்கள். முதல் விசாரணையிலும் நாய்தான் என்று முடிவானது.

ஆனால் ஊர் நம்பவில்லை. ஏன் தெரியுமா? அந்த அம்மா டிவியில் அழவில்லையாம். நிதானமாகப் பேசினாராம். குழந்தைக்கு ஒரு முறை கறுப்புச் சட்டை போட்டிருந்தாராம். பிள்ளையின் பேருக்கே 'பலி' என்று அர்த்தம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், அது பொய். மறுபடி விசாரணை, வழக்கு. காரில் ரத்தக் கறை என்று சாட்சி சொன்னார்கள். 1982 அக்டோபரில், பெற்ற குழந்தையைக் கொன்றவள் என்று ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. ஜெயிலில் இருக்கும்போது பெண் பிறந்தாள், அந்தப் பிள்ளையையும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

1986இல் அந்தப் பாறைப் பக்கம் வேறொருவர் விழுந்து இறந்துபோய், அவரைத் தேடப் போன இடத்தில், காட்டு நாய்கள் குடியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குழந்தையின் சின்ன மேல்சட்டை கிடைத்தது. சட்டையே கிடையாது, பொய் சொல்கிறாள் என்று கோர்ட்டில் வாதாடினார்களே, அதே சட்டை. மூன்று வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்த அம்மாவை வெளியே விட்டார்கள். காரில் இருந்தது ரத்தமே இல்லை, கம்பெனியில் கார் செய்யும்போது அடித்த ஒரு பூச்சு என்று தெரிந்தது. 1988இல் தண்டனை ரத்து. நாய்தான் கொன்றது என்று அரசாங்கம் கடைசியாக எழுதிக் கொடுத்தது 2012 ஜூன் மாதம். பிள்ளை போய் கிட்டத்தட்ட முப்பத்திரண்டு வருஷம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிறை தண்டனை பெரிதாகப் படவில்லை. அழவில்லை என்று சொன்னார்களே, அதுதான் நெஞ்சில் குத்தியது. அழுதால் நடிக்கிறாள், அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி. நம்ம ஊரில் சாவு வீட்டில் நாம் பேசுகிற பேச்சுத்தானே அது?

இவ்வளவும் சொல்கிறேனே, எனக்கே இது புரிந்தது என் சொந்த அனுபவத்தில்தான். என் சின்னவனுக்கு அப்போது நாலு வயது. புதன்கிழமை, குழுக் கூட்ட நாள். நான் மாரியம்மன் கோயில் திண்ணையில் சேமிப்புப் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன். வாசலில் விளையாடியவனைத் தெரு நாய் கெண்டைக்காலில் கவ்விவிட்டது. வீட்டில் என் மாமியார் இருந்தார், கட்டிலில் என் வீட்டுக்காரர் இருந்தார், ஊரிலிருந்து வந்த கொழுந்தனும் இருந்தார். வீட்டில் இருந்தது மூணு பேர். கடித்தது நாய். குற்றவாளி நான்! "கூட்டம் கூட்டம்னு போனா இப்படித்தான் ஆகும்" என்றார் மாமியார். பக்கத்து வீட்டிலும் அதே பேச்சு. நாலு வாரம் நான் கூட்டத்துக்குப் போகவில்லை, சேமிப்பை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். குழுவிலிருந்தே நின்றுவிடலாம் என்று நினைத்தேன்.

நாய் ஏன் அத்தனை அங்கே சுற்றியது? தெருமுனையில் கோழிக் கழிவைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதை ஒருத்தரும் கேட்கவில்லை. நாலாவது வாரம் குழுக்காரர்கள் பன்னிரண்டு பேரும் என் வீட்டுக்கே வந்து, மாமியார் முன்னாலேயே உட்கார்ந்து, கூட்டத்தை நடத்தினார்கள். கோழிக் கழிவுக்கு மனு எழுதினோம். மூணு தடவை எழுதின பிறகு நின்றது. மாமியார்தான் இப்போது கூட்ட நாளை எனக்கு ஞாபகப்படுத்துகிறார், அது வேறு விஷயம். அப்படி வந்து உட்கார்ந்த பன்னிரண்டு பேர் எனக்கு இருந்தார்கள். நெல்லூர் அம்மாவுக்கு யார் இருந்தார்கள்? போன மாதம் நான் உட்கார்ந்து பேசியது என் மாமியார் பேசின அதே பேச்சு.

நாய்க்கடி என்றதும் ஞாபகம் வருகிறது, பேச்சோடு பேச்சாக இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி ஒன்றும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போடணும், சொல்கிற எல்லாத் தேதிக்கும் போகணும். ரெண்டு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள்.

அம்மாக்கள் கவனமாக இருக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்காதீர்கள். கவனமாக இரு என்று முன்னாலேயே சொல்வது உதவி. நீதான் காரணம் என்று பின்னாலே சொல்வது உதவி இல்லை, அதனால் ஒரு விளக்குக்கூட எரியாது. சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகும்போது நாம் என்ன செய்கிறோம்? சின்னதுகளை நடுவில் விட்டு, முன்னால் ரெண்டு பேர், பின்னால் ரெண்டு பேர் நடக்கிறோம். அங்கே பயம் லாரிக்கு. யாருடைய பிள்ளை என்று பார்ப்பதில்லை, எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம். அப்படியும் ஒன்று நடந்துவிட்டால், ரோட்டில் விளக்கு ஏன் இல்லை, வண்டியை ஏன் மெதுவாக விடச் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும். யார் கையில் அதை மாற்றுகிற அதிகாரம் இருக்கிறதோ அவர்களிடம் கேட்க வேண்டும்.

அதனால் இன்றைக்கு ரெண்டு விஷயம் நோட்டில் ஏறட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் எரியாத விளக்கு எத்தனை, குப்பையும் கறிக் கழிவும் கொட்டுகிற இடம் எது, பெண்களும் பிள்ளைகளும் இருட்டில் ஒதுங்கப் போகிற இடம் எது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். அடுத்த கிராம சபைக்கு அதையே மனுவாகக் கொடுப்போம். இரண்டாவது, திருப்பதிப் பயணம். பயணத்தை நிறுத்த வேண்டாம். குழந்தைகள் விஷயத்தில் இப்போது என்ன விதி என்று தேவஸ்தானத் தகவல் மையத்தில் கேட்டுச் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன், அங்கே நேரமும் வயதும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். விடிந்த பிறகு ஏற ஆரம்பித்து, வெயில் ஏறுமுன் மேலே போய்விடுவோம். சாப்பாட்டு இலையை, பிஸ்கெட் கவரை வழியில் போடக் கூடாது, பையில் கட்டிக் கீழே கொண்டு வர வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் பிள்ளைகளின் வயதையும் சேர்த்து எழுதுங்கள். எந்தப் பிள்ளை யார் கையில் என்று பஸ்ஸிலேயே பிரித்துக்கொள்வோம், பெற்றவளுக்கு ஒரு பிள்ளை என்றால் பிள்ளை இல்லாமல் வருகிறவர்களுக்கும் ஒன்று உண்டு.

போன மாதம் பின்வரிசையில் பேசின அக்கா இன்றைக்கும் வந்திருக்கிறார். எழுந்து போகாமல் கேட்டதற்கு நன்றி, அக்கா. உங்களுக்கு ரெண்டு பிள்ளை எழுதியிருக்கிறேன்.